புட்டாவுக்கு ஒரு சொல்

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. என் மனைவி காவேரி உட்கார வைத்து எழுதச் சொன்னாள்.

"கத கதன்னு எதையோ எழுதிக்கினே இருக்கீங்க. இதுவரைக்கும் யாருக்காச்சும் ஒரு உபயோகம் ஆயிருக்குதா? இத எழுதுங்க. இது ஊருக்குத் தெரியணும்" என்றாள்.

ஊருக்குத் தெரிய வேண்டியது ஒரு சொல். அதைக் கடைசியில்தான் சொல்வேன். சொல்லலாமா கூடாதா என்பதே எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

என்னைப் பற்றி இவ்வளவு போதும்: பெயர் முத்துக்குமார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். காவேரி பட்டு நெய்கிறாள், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியிலேயே. இப்போது வீட்டில் இருக்கும் மூன்றாவது ஆள் புட்டா. அது நாய்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது பெருமை பீற்றிக்கொள்ளும் கதை. அடக்கமான கதைகள் வேண்டுவோர் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பட்டும் கோபுரமும் கைகோத்து நிற்கும் காஞ்சி மாநகரின் ஓர் இளங்காலைப் பொழுதில், பனி மெல்ல—

(இதை இங்கேயே விட்டுவிடுகிறேன். சுற்றுலாப் பேருந்தில் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.)

இரண்டாவது தொடக்கம்:

குழந்தை இல்லாத அந்தத் தம்பதியின் வீட்டுக்கு ஒரு நாள்—

இதைப் படித்த காவேரி ஊடிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுத் தறியிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

"அப்போ வேலூர்ல காலேஜ் படிக்கிறவ யாரு? அவ இத படிச்சா இன்னா நெனைப்பா? நாய் வேணும்னு தோணுச்சு, வெச்சுக்கினேன். அதுக்குக்கூட ஒரு சோகம் வேணுமா உங்களுக்கு?"

நியாயம்தான். ஆகவே, நடந்ததையே எழுதுகிறேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, காவேரி தறியில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டாள். எங்கள் வீட்டில் குழித்தறி. மிதிக்கும் கட்டைகள் தரைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும். காலில் ஏதோ சூடாகப் பட்டது. குனிந்து பார்த்தால் நாய். குட்டி என்று சொல்ல முடியாத, வளர்ந்த நாய் என்றும் சொல்ல முடியாத நடுவாந்தரம். செம்மண் நிறத்து முதுகில் ஒரே ஒரு வெள்ளை வட்டம். புடவை நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக நெய்யும் பூவுக்குப் புட்டா என்று பெயர். அவள் வேறு பெயரே யோசிக்கவில்லை.

அன்று முழுக்க அவள் நெய்யவில்லை. "அது தூங்குதுங்க, மிதிச்சா எழுந்துடும்" என்றாள். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்காக அவள் ஒரு மணி நேரம் தறியை நிறுத்தியதாக நினைவில்லை.

3

கதைக்கு எதிராளி வேண்டும். எனக்கு தர்மன் கிடைத்தார்.

முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். "தர்மண்ணாவுக்கு மீசையே இல்லியே" என்று காவேரி அடித்துவிட்டாள். ஆகவே மீசையில்லாத எதிராளி.

எங்கள் தெருவில் பாவு போடும் வேலையை முன்னின்று நடத்துபவர் அவர்தான். தெரியாதவர்களுக்காக: பட்டு இழைகள் தறிக்குப் போகும் முன் அவற்றைத் தெரு நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, சிக்கெடுத்து, காயவைக்க வேண்டும். அதுதான் பாவு. வெயில் ஏறுவதற்குள் முடியும் வேலை. யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் தெருவே இறங்கிக் கைகொடுக்கும். பால்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு சுற்றிப் போவார். அத்தனை இழையும் முடி மாதிரி மெல்லியவை. அதற்குள் ஒரு நாய் புகுந்து ஓடினால் ஒரு வீட்டின் அடுத்த பல புடவைகள் அன்றே நாசம்.

புட்டா வந்த வாரமே தர்மன் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்தார். சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"யம்மா காவேரி, நாய் வெச்சுக்கோ, வேணாம்னு சொல்லல. ஆனா பாவுல ஒரே ஒரு இழை போச்சுன்னாலும் அது தென்னேரிக்குப் போயிடணும். உன் தம்பி நெலத்துல ஓடட்டும். நான் சொல்றது சொல்றதுதான்."

"போவாதுண்ணா. ஒரு இழைகூட போவாது."

"நாய்க்கு இன்னாம்மா தெரியும் பாவு?"

"சொல்லிக்குடுத்தா தெரியும்."

வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து, "நாய்க்கு எப்படிங்க சொல்லிக்குடுக்கிறது?" என்றாள்.

(குறிப்பு: அவர் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றதை மிடுக்கு என்றுதான் எழுதியிருந்தேன். தப்பு. பிறகு வருகிறது.)

4

இங்கே நான் கதாநாயகனாக நுழைகிறேன். தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை.

அதிகம் பேர் பார்த்த காணொளிகள் எவையோ அவற்றை முதலில் பிடித்தேன். ஒருவர் வெளிநாட்டுக்காரர். அவர் வீட்டுப் புல்வெளி எங்கள் தெருவைவிட அகலம். அவருடைய நாய் வாசலுக்குப் போய்ச் செய்தித்தாளை எடுத்துவந்தது. "நம்ம வூட்டுக்குப் பேப்பரே வர்றதில்லியே" என்றாள் காவேரி. இன்னொருவர் தமிழர், கறுப்புக் கண்ணாடி போட்டவர். வீட்டில் தலைவன் யார் என்று நாய்க்குப் புரியவைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. (எங்கள் வீட்டில் அது எனக்கே புரிந்த விஷயம்.) பிறகு ஒரு செயலி. அது நேரத்துக்கு நேரம் மணியடித்து நினைவூட்டும். மணி அடித்தால் புட்டா குரைத்தது, புட்டா குரைத்தால் பக்கத்து வீட்டில் திட்டினார்கள். புத்தகக் கண்காட்சியில் எப்போதோ வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்த ஒரு குண்டு ஆங்கிலப் புத்தகமும் இருந்தது. போதாததற்குத் தெருவின் இலவச ஆலோசனைகள். மிளகாய்த்தூள் தூவு என்பதில் தொடங்கி எங்கெங்கோ போயின.

காவேரி தறியில் இருந்தாள். கையும் காலும் ஓடும்போது அவளால் திரையைப் பார்க்க முடியாது. நான்தான் சத்தமாக வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"சத்தத்தக் கொறைங்க" என்றாள் திடீரென்று. "அந்தாளு பேசுறது கெடக்கட்டும். நாயோட வாலு எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

அப்படித்தான் நான் வால் வர்ணனையாளன் ஆனேன். கறுப்புக் கண்ணாடிக்காரரின் நாய் உட்கார் என்றால் உட்கார்ந்தது, நில் என்றால் நின்றது.

"வாலு?"

"கால் நடுவுல."

"வேணாம். அடுத்தது."

லட்சக்கணக்கானோர் பார்த்த மனிதரை என் மனைவி ஒரு நொடியில் வீட்டுக்கு அனுப்பினாள். கடைசியில் நின்றவர் திருச்சிப் பக்கத்து அம்மா ஒருவர். கை ஆட ஆட எடுத்த படம், பின்னால் குக்கர் விசில், பார்த்தவர்களும் சொற்பம். ஆனால் அவருடைய தெருநாய் ஒவ்வொன்றையும் வாலை ஆட்டிக்கொண்டே செய்தது. குண்டுப் புத்தகத்தையும் முழுக்கத் தள்ளவில்லை. எல்லையில் நிறுத்துவது எப்படி என்று அதில் ஓர் அத்தியாயம் இருந்தது. நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, "இது சரி, இது நம்ம வூட்டுக்கு ஆவாது" என்று அவள் பிரித்துக்கொண்டே வந்தாள். அந்த அம்மாவின் பொறுமையும் புத்தகத்தின் அத்தியாயமும் சேர்ந்து எங்கள் பாடத்திட்டம்.

வாலைப் பார்த்து வாத்தியாரைத் தேர்ந்தெடுத்த முதல் வீடு தமிழ்நாட்டில் எங்களுடையதுதான். (ஆதாரம் கிடையாது. பெருமைக்கு எதற்கு ஆதாரம்?)

5

எந்தக் காணொளியிலும் பாவு இல்லை. ஆகவே நாங்களே ஒன்றைச் செய்தோம். கூடத்தில் இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கழிவு நூலை இழுத்துக் கட்டினோம். நூல் தளர்ந்து கிடந்தால் தாண்டலாம். விறைப்பாக நின்றால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு.

விடுவிக்கும் சொல் ஒன்று வேண்டும் என்றது புத்தகம். அதைக் கேட்டால்தான் நாய் எழலாம். வாயில் தற்செயலாக வந்துவிடாத சொல்லாக இருக்க வேண்டும். கிட்டப் போய், குனிந்து, மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது காவேரி சேர்த்தது. சொல்லையும் அவளே தேர்ந்தெடுத்தாள்.

"இதப் போய் யாராச்சும் நாய்க்கு வைப்பாங்களா?" என்றேன்.

"நான் வைக்கிறேன். வெளிய யாருக்கும் சொல்லாதீங்க. பசங்க காதுல வுழுந்துச்சுன்னா பாவு அன்னிக்கே சொல்லிப் பாப்பானுங்க."

புட்டா கற்றுக்கொண்டது. நாங்கள் நினைத்ததைவிட நன்றாக, நாங்கள் நினைக்காததையும் சேர்த்து. கொடியில் துணி காய்ந்தால் கொடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தது. கட்சிக்காரர்கள் கொடித் தோரணம் இழுத்துக் கட்டினால் அதற்கு முன் உட்கார்ந்தது. பூக்கார அம்மா கட்டைவிரலில் நூலை மாட்டி இழுத்தால் அதற்கும் உட்கார்ந்து, சொல்லுக்காகக் காத்திருந்தது. அந்த அம்மா அது பூவாசத்துக்கு மயங்குகிறது என்று எல்லோரிடமும் சொன்னார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காவேரி சிரித்தாள், ஆனால் கொஞ்சம்தான்.

6

பாவு நாள் வந்தது.

இந்தப் பகுதியை நான் பதினோரு முறை எழுதினேன் என்று—

(பொய். ஒரே மூச்சில் எழுதினேன். கையே நிற்கவில்லை.)

இளஞ்சிவப்புப் பட்டு தெரு நீளத்துக்கு விரிந்திருந்தது. தர்மன் ஒரு முனையில் நின்று அங்கே இங்கே என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். காவேரி புட்டாவைச் சங்கிலி இல்லாமல் கூட்டிவந்து பாவுக்கு ஒரு முழம் தள்ளி விட்டாள். அது பாவைப் பார்த்தது. உட்கார்ந்தது.

நடுவில் அடுத்த தெரு நாய் ஒன்று வந்து, அந்தப் பக்கம் நின்று குதித்துக் குதித்து விளையாடக் கூப்பிட்டது. புட்டாவின் உடம்பு முழுக்க நடுங்கியது. வால் தரையைப் பெருக்கியது. பின்பக்கம் மட்டும் தரையைவிட்டு எழவில்லை. கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வெயில் ஏறியது. தர்மன் எப்போதும்போல் கையைத் தட்டி, "ஆச்சு!" என்றார். அது அவர் வழக்கம். அதைக் கேட்டால்தான் தெரு கையை எடுக்கும். பாவைச் சுருட்டினார்கள். காவேரி குனிந்து புட்டாவின் காதில் அந்தச் சொல்லைச் சொன்னாள். அது நாலு காலையும் தூக்கிக் குதித்தது.

தர்மன் சுருட்டிய பாவைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு இழைகூடப் போகவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாயைப் பார்த்தா, நாய்க்கு முன்னால் நிமிர்ந்து நடந்துபோன என் மனைவியைப் பார்த்தா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒழுங்கான எழுத்தாளன் கதையை இங்கே முடித்திருப்பான்.

7

பங்குனித் தேர் அன்று நான் கம்பெனியில் இருந்தேன். ஆகவே இந்தப் பகுதிக்கு நான் சாட்சி இல்லை. காவேரி சொன்னதும் தர்மன் சொன்னதும்தான் இருக்கின்றன. இரண்டும் பொருந்தாத இடங்களில் காவேரி பக்கம் சாய்கிறேன். நான் இந்த வீட்டில்தான் சாப்பிட வேண்டும்.

வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு புட்டா வீட்டைவிட்டு ஓடிவிட்டது. காவேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் தேடிக்கொண்டு ஓடினாள். அது தேரடிக்குப் போயிருந்தது. தேரின் இரண்டு வடங்களும் அப்போது தரையில் தளர்ந்து கிடந்தன. தளர்ந்த கயிற்றைத் தாண்டலாம் என்பது அதன் பாடம். தாண்டி, இரண்டு வடங்களுக்கும் நடுவே, தேருக்கு நேர் முன்னால் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜனங்கள் வடத்தைத் தூக்கி இழுத்துப் பிடித்தார்கள். இரண்டு பக்கமும் விறைத்த கயிறு.

புட்டா உட்கார்ந்துவிட்டது.

தவில், வேட்டு, கோஷம். பின்னால் சக்கரம். போ என்றார்கள், வா என்றார்கள், பிஸ்கட்டை நீட்டினார்கள். தூக்க வந்தவர்களிடம் பயத்தில் பல்லைக் காட்டியது. நாய் சாமி கும்பிடுகிறது என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் கம்பு எடுத்து வந்தார். வடம் பிடித்திருந்த தர்மன்தான் அடையாளம் கண்டு, காவேரிக்குப் போன் போட்டார்.

"யம்மா, உன் நாயி தேருக்கு முன்னால குந்திக்கினு இருக்குது. காதுல ஒண்ணு சொல்லுவியே, அது இன்னா?"

"நான் வந்துடறேண்ணா, தேர நிறுத்தச் சொல்லு!"

"எவ்ளோ நேரம் நிறுத்துவாங்க? கம்பு எடுத்துட்டாங்கம்மா. வார்த்தயச் சொல்லு."

(முதல் வரைவில், 'காவேரி ஒரு கணம் தயங்கினாள்' என்று எழுதினேன். "நான் எங்க தயங்கினேன்?" என்றாள். தயங்கவில்லை.)

சொன்னாள்.

"அதானா?"

"அதான். தூர நின்னு கத்துனா ஆவாது. கிட்டப் போய் காதுல சொல்லணும்."

"கிட்டயா?"

அந்த ஒரு சொல்லில்தான் காவேரிக்குப் புரிந்தது. முழுக் கதையை அவர் வீட்டில் பிறகு சொன்னார்கள்: சின்ன வயதில் தாமல் ஏரிக்கரையில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட மனிதர் அவர். அன்றிலிருந்து எந்த நாய்க்குப் பக்கத்திலும் போனதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றது மிடுக்கு இல்லை, பயம்.

"சும்மா போனேன், சொன்னேன், வந்துடுச்சு" என்பது தர்மன் சொல்வது. ஆனால் போனை அணைக்க அவர் மறந்திருந்தார். காவேரி பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவர் மூச்சு வாங்கியதைக் கேட்டாள். "ஏகாம்பரநாதா, ஏகாம்பரநாதா" என்று முனகிக்கொண்டே போனதைக் கேட்டாள். பிறகு தவிலுக்கு நடுவில், அவரிடமிருந்து அதுவரை யாரும் கேட்டிராத குரலில், அந்தச் சொல்லைக் கேட்டாள்.

புட்டா எழுந்து, வடத்தைத் தாண்டி, கூட்டத்துக்குள் வந்தது. தேர் நகர்ந்தது. வீடு வரைக்கும் அது தர்மனின் காலை உரசிக்கொண்டே நடந்ததாம். ஒரு தடவைகூட அவர் விலகவில்லையாம்.

8

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நுழைந்தேன். வழியில் ஆட்டோக்காரர்கூட விசாரித்திருந்தார்.

"தேருக்கு முன்னாலயும் அசையலையாமே! ஊரே பேசுது" என்றேன்.

"பேசட்டும்" என்றாள் காவேரி. கண் வீங்கியிருந்தது. "நாம சொன்னத அப்படியே கேட்டதாலதான் இன்னிக்கு அது சக்கரத்துல போவ இருந்துச்சு. எனக்கும் பெருமதான். ஆனா இந்த ஊருல இழுத்துக் கட்டாத கயிறு எங்க இருக்குது, சொல்லுங்க? அங்கெல்லாம் நான் இருப்பனா, நீங்க இருப்பீங்களா?"

திருச்சி அம்மாவிடமும் பதில் இல்லை, புத்தகத்திலும் இல்லை. தர்மன் வந்தார். இந்த முறை வாசற்படி வரைக்கும் வந்தார்.

"வார்த்தய எல்லாருக்கும் சொல்லிடும்மா. ஆனா பாவு அன்னிக்கு எவனாச்சும் வம்புக்குச் சொல்லி இழை போச்சுன்னா, நான் அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான். பாவு என் ஒருத்தனுது இல்ல." இதைச் சொல்லும்போது அவர் கை புட்டாவின் தலையில் இருந்தது. எடுக்க மறந்திருந்தார்.

ஆக, சொல்லாவிட்டால் நாய்க்கு ஆபத்து. சொன்னால் நாய் எங்களைவிட்டே தென்னேரிக்குப் போகலாம். இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

முடிவு அ. ஊர் முழுக்க அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்கிறது. யாரும் வம்பு செய்யவில்லை. எல்லோரும் நல்லவர்கள். (நானே நம்பவில்லை.)

முடிவு ஆ. பாவு நாளில் யாரோ ஒருவன் விளையாட்டாகக் குனிந்து— (காவேரி தாளைப் பிடுங்கிவிட்டாள். எழுதினால் நடந்துவிடுமாம்.)

முடிவு இ. பயிற்சியை மறக்கடித்துவிடுகிறார்கள். "ஆசையா கத்துக்கினத மறக்கடிக்கிறது பாவங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள்.

பிறகு அங்கிருந்தே சொன்னாள்: "நாய்க்குச் சொல்லிக்குடுத்தாச்சு. இனிமே மனுசங்களுக்குத்தான் சொல்லிக்குடுக்கணும். நீங்க எழுதுங்க."

9

ஆகவே, நீங்கள்தான் இப்போது பயிற்சியில் இருக்கிறீர்கள். உங்கள் வால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நம்பித்தான் சொல்கிறேன்.

பெரிய காஞ்சிபுரம் பக்கம் வந்தால், செம்மண் நிற முதுகில் ஒரே ஒரு வெள்ளை வட்டத்தோடு ஒரு நாய், ஏதாவது கயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கயிற்றுக்குப் பதில் அங்கே பட்டு விரிந்திருந்தால், பேசாமல் சுற்றிப் போய்விடுங்கள். அது தன் வேலையைச் செய்கிறது. இந்த இதழ் கடைக்கு வரும் வாரம் எங்கள் தெருவில் அடுத்த பாவு. இந்த முறை எங்கள் வீட்டுப் பாவு.

வேறு எந்தக் கயிறாக இருந்தாலும் கிட்டப் போங்கள். பயமாக இருந்தால் உங்களுக்குப் பிடித்த சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே போங்கள். குனியுங்கள். சொல்லின் முதல் பாதி தர்மனுடையது. ஒவ்வொரு பாவு முடிவிலும் கையைத் தட்டி அவர் சொல்வதைத்தான் காவேரி எடுத்துக்கொண்டாள். இரண்டாவது பாதி அவளுடையது. அதைத் தர்மன், தேருக்கு முன்னால் மண்டியிட்ட அன்றைக்கு முன், பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள்.

எழுந்து வருகிறதா, பாவு தப்புகிறதா, புட்டா எங்களோடு இருக்கிறதா என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். இனி அது உங்கள் வாயில் இருக்கிறது. காவேரி தறியை நிறுத்திவிட்டு, நான் இதை எழுதிவிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

காதருகே, மெதுவாக:

"ஆச்சு, கண்ணு."